கழுத்தில் காமிரா! கையில் குழந்தை!!

1966-ம் ஆண்டு, ஜூன் மாதம். அமெரிக்காவில் நியூயார்க் நகரம்.

ஒரு பத்திரிகை ஆபீசில் தபால் பிரிக்கும் வேலை நடந்துகொண்டு இருந்தது. பிரித்தவர் ஒரு பெண். பெயர் லிண்டா ஈஸ்ட்மன். வயது 24. வருகிறவர்களை வரவேற்று உட்கார வைப்பதும், தபாலைப் பிரித்து அடுக்குவதும்தான் அவர் வேலை.

ஒரு உறையில் அழைப்புக் கடிதம் இருந்தது. "ரோலிங் ஸ்டோன்ஸ்" என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவினர், ஹட்சன் ஆற்றில் ஒரு படகில் நிருபர்களைச் சந்திக்கிறார்கள் என்று அதில் கண்டிருந்தது.

லிண்டா அந்தக் கடிதத்தைத் தானே எடுத்துக்கொண்டார். காமிராவைத் தோளில் மாட்டினார். படகில் ஏறிவிட்டார்!

அன்று அவர் எடுத்த படங்கள் அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டன.

வீட்டில் ஒரு மகள்

"ஈஸ்ட்மன்" என்ற பெயரைக் கேட்டதும், "கோடக் காமிரா கம்பெனி முதலாளியின் உறவுக்காரப் பெண்" என்று பலர் நினைத்தார்கள். அது தவறு. லிண்டாவின் தந்தை ஒரு வக்கீல்.

லிண்டாவுக்கு 1962-ல் கல்யாணம் நடந்தது. அந்த ஆண்டுதான் அவருடைய தாயார் விமான விபத்தில் இறந்துபோனார். அதே ஆண்டின் கடைசி நாளில் லிண்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஹெதர் என்று பெயர் வைத்தார்கள். 1965-ல் கணவனும் மனைவியும் சட்டப்படி பிரிந்துவிட்டார்கள். குழந்தையை வளர்க்கும் பொறுப்பு தாயின் தலையில் விழுந்தது.

இந்த நிலையில்தான், மாதச் சம்பளம் வந்த ஆபீஸ் வேலையை விட்டு, காமிராவை நம்பிப் புறப்பட்டார் லிண்டா.

இருட்டில் ஒரு வேலை

கச்சேரியைப் படம் எடுப்பது எளிது அல்ல. மேடையில் வெளிச்சம் குறைவு. விளக்குகள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். பாடுகிறவர் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். வெளிச்சம் குறைந்தால் காமிராவின் கண் அதிக நேரம் திறந்து இருக்கவேண்டும். அந்த நேரத்தில் கை நடுங்கினால் படம் கலங்கிவிடும். ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள்தான். தவறிய நொடி திரும்பி வராது.

லிண்டா இருக்கிற வெளிச்சத்தை வைத்தே படம் எடுக்க விரும்பினார். யாரையும் "இப்படி நில், அப்படிச் சிரி" என்று தொந்தரவு செய்யமாட்டார். பேசிக்கொண்டே இருப்பார், எதிரே இருப்பவர் காமிராவை மறக்கும் நேரத்தில் பொத்தானை அழுத்திவிடுவார்.

1968-ல் நியூயார்க்கில் "பில்மோர் ஈஸ்ட்" என்ற அரங்கம் திறக்கப்பட்டது. ஒரே இரவில் 2 காட்சிகள் நடக்கும். இரண்டாவது காட்சி தொடங்கும்போதே மணி 11.30! அங்கே லிண்டா அடிக்கடி படம் எடுத்தார். கச்சேரி முடிய நள்ளிரவு தாண்டிவிடும். ஆனால், குழந்தை காலையில் எழுந்துவிடுமே! தாய்க்கு ஏது தூக்கம்?

அதே ஆண்டு மே மாதம், "ரோலிங் ஸ்டோன்" பத்திரிகையின் அட்டையில் (இது பாட்டுக் குழு அல்ல, பத்திரிகை) அவர் எடுத்த படம் வெளிவந்தது. படத்தில் இருந்தவர் கித்தார் வித்வான் எரிக் கிளாப்டன். அந்தப் பத்திரிகையின் அட்டையில் ஒரு பெண் எடுத்த படம் வந்தது அதுவே முதல் தடவை.

மறுக்கப்பட்ட படம்

கித்தார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்சையும் லிண்டா பல படங்கள் எடுத்தார். ஒரு நாள் அவரையும் அவர் குழுவினரையும் பூங்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே கதையில் வரும் ஆலிஸ் என்ற சிறுமியின் வெண்கலச் சிலை இருக்கிறது. பிள்ளைகள் ஏறி விளையாடும் சிலை. அந்தப் பிள்ளைகளோடு அவர்களையும் உட்கார வைத்துப் படம் எடுத்தார்.

ஹெண்ட்ரிக்சுக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துவிட்டது. "என் புதிய இசைத்தட்டின் உறைக்கு இதையே போடுங்கள்" என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கம்பெனி வேறு படத்தைப் போட்டுவிட்டது!

கோட்டுக்குள் குழந்தை

1969 மார்ச் மாதம், பீட்டில்ஸ் குழுவின் பாடகர் பால் மெக்கார்ட்னியை லிண்டா மணந்தார். ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணை வீட்டில் குடும்பம் நடந்தது. மேரி, ஸ்டெல்லா, ஜேம்ஸ் என்று மேலும் 3 குழந்தைகள் பிறந்தார்கள்.

மேடை தூரமாகிப்போனது. காமிரா தூரமாகவில்லை! ஆடு, குதிரை, அடுப்படி, தூங்கும் பிள்ளை எல்லாமே படமாயின. பாலின் கோட்டுக்குள்ளே இருந்து கைக்குழந்தை மேரி எட்டிப் பார்க்கும் படம், 1970-ல் வந்த இசைத்தட்டின் பின் உறையில் இடம்பெற்றது.

பிறகு கணவரின் "விங்ஸ்" குழுவில் லிண்டாவும் சேர்ந்து வாசித்தார். 1972-ல் பிள்ளைகளையும் நாய்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனார்கள். "பாடத் தெரியாதவர்" என்று பலர் கேலி செய்தார்கள். "பீட்டில்ஸ்காரரின் மனைவி" என்ற பேச்சில், அவர் கல்யாணத்துக்கு முன்பே பெயர் வாங்கிய போட்டோக்காரர் என்பது மறந்துபோனது. 1960-களில் எடுத்த படங்களை 1992-ல் அவர் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

1998-ல், 56-வது வயதில், மார்பகப் புற்றுநோயால் லிண்டா காலமானார். கோட்டுக்குள் இருந்து எட்டிப் பார்த்த மேரியும் பின்னாளில் புகைப்படக் கலைஞர் ஆனார்.

பூங்காவில் எடுத்த படம் என்ன ஆயிற்று?

2018-ம் ஆண்டு, ஹெண்ட்ரிக்சின் அந்த இசைத்தட்டு வெளிவந்து 50 ஆண்டு நிறைந்தது. சிறப்பு வெளியீடு வந்தது. உறையில் லிண்டாவின் படம்!

கேட்டவரும் இல்லை, எடுத்தவரும் இல்லை. சிலையின் மேலே அந்தப் பிள்ளைகள் மட்டும் அன்று போலவே உட்கார்ந்து இருக்கிறார்கள்.