இரண்டு டிஸ்க், ஒரு கேபிள்

பழைய மேசைக் கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ரிப்பன் கேபிளைச் செருகும் நீளமான இடத்துக்கும் மின்சாரம் வரும் இடத்துக்கும் நடுவே, பெரும்பாலும் இரண்டு வரிசையாகச் சில முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒரு ஜோடியை மூடியபடி நகத்தளவுகூட இல்லாத பிளாஸ்டிக் தொப்பி ஒன்று இருக்கும். அதுதான் ஜம்பர். உள்ளே இருப்பது சிறு உலோகத் தகடு. இரண்டு முட்களையும் மின்சாரம் பாயும்படி இணைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

கோடிக்கணக்கான எழுத்துகளைக் காந்தத்தில் பதிந்துவைக்கும் கருவி, ஒரேயொரு தகவலை மட்டும் நம் விரலால் செருகச் சொல்வது ஏன்?

1980-களின் நடுவில் உருவான ஐடிஇ முறையில், ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்குகளை மாட்டலாம். கணினி அனுப்பும் கட்டளை இரண்டுக்குமே போய்ச் சேரும். கட்டளையோடு வரும் ஒரு பிட் 0 என்றால் ‘மாஸ்டர்’ எனப்படும் டிஸ்க் பதில் சொல்ல வேண்டும். 1 என்றால் ‘ஸ்லேவ்’ எனப்படும் மற்றது. ஆனால் தான் எது என்று டிஸ்க்குக்கு எப்படித் தெரியும்? கணினி சொல்லித்தர முடியாது. “நீ ஸ்லேவ்” என்று சொன்னால் அதையும் இரண்டும் சேர்ந்தே கேட்கும். வகுப்பில் இரண்டு குமார்கள் இருந்தால் இனிஷியல் தெரியாமல் ஒருவரை மட்டும் அழைக்க முடியாதல்லவா? அந்த இனிஷியல்தான் ஜம்பர். இரண்டு டிஸ்க்கையும் மாஸ்டராக வைத்துவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். கணினிக்கு எதுவும் விளங்காது.

எந்த ஜோடியில் செருகுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தே செய்ய வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பல டிஸ்க்குகளில், கேபிளில் அது ஒன்றே இருந்தால் ஜம்பரையே எடுத்துவிட வேண்டும். மாஸ்டர் என்று வைத்தால், இல்லாத ஸ்லேவைத் தேடிக்கொண்டு நிற்பதுண்டு.

கைவேலையைக் குறைக்க ‘கேபிள் செலக்ட்’ வந்தது. இரண்டு டிஸ்க்கிலும் ஜம்பரை இந்த ஒரே அமைப்பில் வைத்துவிடலாம். மதர்போர்டு தன் கேபிள் செருகும் இடத்தின் 28-ஆம் முள்ளைத் தரையிணைப்பில் வைத்திருக்கும். 80 கம்பி கேபிளின் கடைசியில் உள்ள கறுப்புச் செருகிக்கு அந்த இணைப்பு போகும். நடுவிலுள்ள சாம்பல் நிறச் செருகிக்குப் போகாது. இணைப்பை உணர்ந்த டிஸ்க் மாஸ்டர், உணராதது ஸ்லேவ். துண்டித்த ஒரு கம்பியே அடையாளமாகிவிட்டது.

2003-இல் வந்த சாட்டா முறை ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனிக் கேபிள் கொடுத்தது. ஒரு கேபிளில் ஒருவரே இருக்கும்போது யார் என்ற கேள்வி எழவில்லை. யுஎஸ்பி வேறு வழியில் போனது: புதிதாகச் செருகியவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே பேசவிட்டு, அதற்கு ஓர் எண் கொடுத்த பிறகே அடுத்ததைப் பேசவிடும்.

ஆனாலும் ஜம்பரின் தேவை தீர்ந்துவிடவில்லை. ஒரே ஜோடிக் கம்பியில் பல சில்லுகளைக் கோக்கும் ஐ2சி முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதில் ஒரே வகைச் சில்லு இரண்டு வேண்டுமென்றால், ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையோடு விளையாடும் மாணவர் சாலிடரிங் அயர்னை எடுத்து, சில்லு இருக்கும் பலகையில் ஏ0, ஏ1, ஏ2 என்று குறித்த இடங்களில் ஒன்றை இணைக்கிறார். ஒரே கம்பியைப் பகிரும் இரட்டையரைப் பிரித்துக்காட்ட, அங்கேயும் வெளியிலிருந்து ஒரு கை வேண்டியிருக்கிறது.