நார்ச்சத்துச் சரக்கு: கேட்பவருக்கு எதைக் கொடுப்பது?

ஓசூர் சிப்காட் பக்கம் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. இரவு ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளி, "அண்ணா, சாப்பிட்டதும் வயிறு பிசையுது, நார்ச்சத்து ஏதாவது இருந்தா குடுங்க" என்கிறார். நாமும் கைக்கு எட்டிய பாக்கெட்டை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்று சொல்லும் தொல்லை ஒன்று உண்டு. குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. ஆனால் வலி, உப்புசம், இரண்டு நாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி என்று ஆளை அலைக்கழிக்கும். நாம் வைத்தியர்கள் அல்ல. ஆயினும் விற்கும் சரக்கின் குணம் தெரிந்து விற்பது நம் கடமை.

நார்ச்சத்தில் இரண்டு வகை உண்டு. தண்ணீரில் ஊறிக் கூழ்போல் வழவழப்பாவது ஒன்று. குஜராத்தின் ஊஞ்சா சந்தையிலிருந்து வரும் இசப்கோல் உமி இவ்வகை. கரையாமல் சக்கையாகவே போவது மற்றொன்று. கோதுமைத் தவிடு இதில் சேரும். அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர்களின் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு முதல் வகையையே பரிந்துரைக்கிறது. தவிடு சிலருக்கு உப்புசத்தைக் கூட்டிவிடும். எனவே "எல்லாம் நார்தானே" என்று தவிட்டைத் தள்ளிவிடுவது சரியல்ல, அதில் லாபம் கூடுதலாக இருந்தாலும்.

இசப்கோல் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு டீஸ்பூனில் தொடங்கி, டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து, உடனே குடிக்க வேண்டும். உமியை வறட்டையாக விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். வயதானவர்களுக்கு இது ஆபத்து. வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. சில்லறையில் எடை போடுபவர்கள் மழைக்காலத்தில் மூட்டையைத் திறந்து வைக்காதீர்கள். ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிப் போகும்.

அடுத்து நம் சீமையின் ராகி. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஆனால் ராகியின் நாரில் பெரும்பகுதி கரையாத வகை. எல்லைக்கு அந்தப் பக்கம் முத்தே, இந்தப் பக்கம் களி என்று சிறு வயது முதல் சாப்பிட்டவருக்குக் கவலையில்லை. அரிசியே பழகியவர் திடீரென்று மூன்று வேளையும் களிக்கு மாறினால் வயிறு ஊதத்தான் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லுங்கள்.

புரோபயாடிக் பாட்டில்களும் இப்போது நம் பிரிட்ஜுக்கு வந்துவிட்டன. அந்தப் பெயரில் விற்க, ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்று 2016-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. உயிர் என்பதுதான் இங்கே சரக்கு. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் பிரிட்ஜை அணைப்பவர் வெறும் இனிப்புத் தண்ணீரை விற்றாலும் விற்பார். மேலும், மேற்சொன்ன 2021 வழிகாட்டுதல் ஐ.பி.எஸ்ஸுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை, ஆதாரம் போதாதாம். தயிரும் மோர் கரைத்த கூழும் நல்ல உணவு என்று தாராளமாகச் சொல்லலாம். குணமாகும் என்று வாக்குக் கொடுக்கலாகாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், காய்ச்சல், தூக்கத்தில் எழுப்பிவிடும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த தொல்லை என்று யாராவது சொன்னால், எந்த பாக்கெட்டையும் எடுக்காமல் அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.