கோட்டை வாயிற் கயல்: யாழ்ப்பாண அரசின் தொடக்கமும் அதன் பகைமைகளும்

கோணேசப் பெருமானை வழிபடச் சுவாமி மலைக்குச் செல்வோர் யாவரும் பிரெடெரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்லல் வேண்டும். அவ்வாயிற் கல்லிலே கயல் மீனின் வடிவம் செதுக்கப்பட்டிருக்கின்றது. அதன் பாங்கர்ச் சிதைந்ததொரு தமிழ்ச் சாசனமும் உண்டு. மாணவராயிருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் அவ்வழியே சென்ற நம்முள் எத்தனை பேர் அக்கயலை நின்று நோக்கினோம்? நோக்கினோருள்ளும், அஃது எவருடைய இலச்சினை, இம்மலைக்கு எவ்வாறு வந்தது என வினாவினோர் மிகச் சிலரே. அவ்வினாவிற்கு விடை தேடப் புகுவோமாயின், வட இலங்கையில் எழுந்த தமிழரசின் தொடக்க வரலாற்றினுள்ளேயே நாம் புகுந்தவராவோம்.

யாழ்ப்பாண அரசின் தோற்றத்தைக் கூறும் நூல்களுள் பலரும் அறிந்தது யாழ்ப்பாண வைபவமாலை. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1736-ஆம் ஆண்டளவில், அதனை இயற்றினார். கூழங்கைச் சக்கரவர்த்தி என்பான் முதலரசனாய் வந்தமையும், அவன் வழியினர் நல்லூரிலிருந்து அரசு செலுத்தினமையும் அதனாற் பெறப்படும். ஆயின், அந்நூல் கூறும் முதலரசர்க்கும் அதனை எழுதிய புலவர்க்கும் இடையே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஐந்நூறு ஆண்டுகள் வாய்வழி வந்த செய்தியில் பெயர்கள் மயங்குவதும், ஒருவன் செயல் மற்றொருவன்மேல் ஏறுவதும் இயல்பே.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. கொரிய நாட்டின் பண்டை அரசுகளாகிய கோகுரியோ, பேக்ஜே, சில்லா என்னும் மூன்றின் வரலாற்றை எடுத்துரைக்கும் பெருநூல் 1145-ஆம் ஆண்டிலேதான் எழுதி முடிக்கப்பெற்றது. அம்மூன்று அரசுகளின் பூசல்களோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்து முடிந்தவை. ஆதலின், அந்நாட்டு அறிஞர் கோகுரியோ மன்னன் ஒருவன் வெற்றிகளைப் பொறித்து 414-ஆம் ஆண்டில் நாட்டப்பெற்ற பெருங்கல்லை உற்று நோக்குவர். நூலைக் கல்லோடும் கல்லை நூலோடும் ஒப்பிட்டே முடிவு காண்பர். நாமும் அந்நெறியையே கைக்கொள்ளல் தகும்.

கற்களும் சமகால நூல்களும் கூறுவன யாவை? 1215-ஆம் ஆண்டிலே கலிங்கத்து மாகன் பெரும்படையோடு வந்து பொலனறுவையைக் கைப்பற்றினான். ஏறத்தாழ இருபத்தொரு ஆண்டு அவன் ஆட்சி நிலைத்தது. அவன் படை நிறுத்திய இடங்களெனச் சூளவம்சம் தரும் பட்டியலிலே கந்தளாய், பதவியா, மன்னார், மாந்தை, வலிகாமம், ஊர்காவற்றுறை முதலியன இடம்பெறுகின்றன. பௌத்த விகாரைகளை அவன் படையினர் அழித்தனர் என அந்நூலாசிரியராகிய பிக்கு துயரத்தோடு எழுதுவர். அத்துயரத்தை நாம் இலேசாகக் கொள்ளலாகாது. மாகன் ஆண்ட அக்காலத்திலேயே, 1223-ஆம் ஆண்டிற் சோடகங்கன் என்பான் கோகர்ணமாகிய நம் திருகோணமலைக்கு வந்தமையை இங்குக் கிடைத்த வடமொழிச் சாசனம் ஒன்று அறிவிக்கின்றது. கோணேச்சரத் திருப்பணி செய்த குளக்கோட்டன் இவனே எனக் கொள்வாரும் உளர். கூழங்கைச் சக்கரவர்த்தி மாகனே எனச் சுவாமி ஞானப்பிரகாசர் கருதினார். இவை கருத்துகளேயன்றி முடிந்த முடிபுகள் அல்ல.

மாகனுக்குப் பின் வடபுலம் வெறுமையாய்க் கிடக்கவில்லை. மலாய்த் தீபகற்பத்திலே, இன்றைய தென் தாய்லாந்துப் பகுதியிலிருந்த தாம்பிரலிங்க நாட்டு அரசன் சந்திரபானு 1247-இல் இலங்கைமேற் படையெடுத்தான். அவனைச் சாவகன் என்பர் நம்மவர். தம்பதெனியாவிலிருந்து ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகுவின் படை அவனைத் தோற்கடித்தது. தோற்றவன் தன் நாட்டிற்கு மீளாது வட இலங்கையிற் காலூன்றினன் என்பது ஆராய்ச்சியாளர் பலர்தம் துணிபு. சில ஆண்டுகள் கழிந்தபின் பாண்டிய, சோழ நாட்டு வீரரையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் தெற்கு நோக்கிப் பொருதான், யாப்பகூவாவிலே தோல்வியுற்றான். சாவகன் பௌத்தன்; அவனை எதிர்த்த தம்பதெனிய அரசனும் பௌத்தன். அவன் படையிலோ தமிழ் வீரர் இருந்தனர். இப்பூசலை ஓரினத்திற்கும் மற்றோரினத்திற்கும் நிகழ்ந்த போராக எவ்வாறு கூறுவது?

இவ்விடத்திலேதான் கயல் வருகின்றது. அக்காலத்திற் பாண்டியர் தென்னாட்டின் பேரரசராய் விளங்கினர். சடையவர்மன் சுந்தரபாண்டியன் ஈழத்தினின்றும் மணிகளையும் யானைகளையும் திறையாகப் பெற்றான். அவனோடு உடனாண்ட சடையவர்மன் வீரபாண்டியன் 1263-ஆம் ஆண்டையொட்டி இலங்கைமேல் வந்தான். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் உள்ள அவன் சாசனம், இலங்கையில் இருந்த அரசர் இருவருள் ஒருவனை அவன் கொன்றமையையும், கோணமலையிலே கயற்குறி பொறித்தமையையும், முதலிற் பணியாதிருந்து பின் அடி பணிந்த சாவகன் மைந்தனுக்குத் தந்தையாண்ட நாட்டை மீளக் கொடுத்தமையையும் எடுத்துரைக்கின்றது. நம் கோட்டை வாயிற் கயல் அவ்வெற்றியின் அடையாளமே என்பது அறிஞர் பலர் ஒப்பிய கருத்து. கோயிலைத் தகர்த்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியமையால், மலையிலிருந்த கயல் வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்து வருபவன் ஆரியச்சக்கரவர்த்தி. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்திலே, இலங்கையிற் பஞ்சம் மலிந்த வேளையில், ஆரியச்சக்கரவர்த்தி என்னும் தலைவன் பாண்டியராற் படையோடு அனுப்பப்பட்டான் எனச் சூளவம்சம் கூறும். அவன் யாப்பகூவாவைத் தாக்கிப் புத்தரின் தந்ததாதுவைக் கவர்ந்து பாண்டியனிடம் சேர்ப்பித்தான். இது 1284-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. பின்னர் மூன்றாம் பராக்கிரமபாகு தானே பாண்டி நாடு சென்று, பாண்டியனோடு இணக்கமாய்ப் பேசி, அதனை மீட்டு வந்தான். வாளாற் போனது சொல்லால் மீண்டது.

எனவே, யாழ்ப்பாண அரசின் முதல்வராகிய ஆரியச்சக்கரவர்த்திகள் முதலிற் பாண்டியரின் படைத்தலைவராய் இருந்தவரே. அவர்தம் வழியினர் தனியரசராயினது எங்ஙனம்? குலசேகரன் மைந்தர் இருவரும் முடிக்காகத் தம்முட் பொருதனர். 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரையை அடைந்தது. ஆணையிடுவோர் வலியிழந்தமையால் ஆணையேற்றோர் தாமே அரசராயினர். செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டங்களை அவர் ஒருவர்பின் ஒருவராய் மாறி மாறிப் புனைந்தனர். சேது என்னும் சொல்லும் இடப உருவும் பொறித்த காசுகளை வெளியிட்டனர். அக்காசுகள் இன்றும் நம் கைக்குக் கிடைக்கும் நேர்ச் சான்றுகள்.

1344-ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பத்தூத்தா புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். அவ்வரசன் பாரசீக மொழி அறிந்திருந்தான். தன் கடலிற் குளித்தெடுத்த முத்துக்களைக் காட்டினான். பாவா ஆதம் மலைக்குச் செல்ல விரும்பிய அம்முசிலிம் பயணிக்கு யோகியரையும் பிராமணரையும் துணையாக அனுப்பினான். சைவ அரசன் ஒருவன், முசிலிம் ஒருவரைப் பௌத்தரும் போற்றும் மலைக்கு வழியனுப்பிய இச்செய்தி, வெற்றிச் சாசனங்கள் பலவற்றினும் அவனுக்குப் பெருமை தருவதன்றோ?

எனினும் போட்டி ஓயவில்லை. கம்பளை அரசனாகிய மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்து மடவளைச் சாசனம், 1359-ஆம் ஆண்டளவில், மார்த்தாண்டப் பெருமாளின் ஆட்கள் தென்புலத்து ஊர்களில் வரி பெற்றமையைக் குறிக்கின்றது. அவ்வரியாளரைத் துரத்திக் கோட்டை நகரை அரணாக்கியவன் அழகக்கோனான். அவன் குடியோ வஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் குடி! இறுதியில், 1450-ஆம் ஆண்டளவிற் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் படைத்தலைவன் செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். சில காலத்தின் பின் கனகசூரிய சிங்கையாரியன் அதனை மீட்டான். 1619-இற் போர்த்துக்கேயர் அவ்வரசை முற்றாக முடித்தனர்.

இவற்றால் நாம் அறிவது யாது? அவ்வரசு இருந்தது என்பதற்குக் கல்லும் காசும் பயணியின் குறிப்பும் பகைவரின் நூலும் ஒருங்கே சான்று பகருகின்றன. அதனை இல்லையென மறுப்பார்க்கு இவையே போதிய விடை. புனைந்துரை கொண்டு அதனைப் பெருக்கிக் காட்டும் தேவை நமக்கில்லை. அன்றியும், அக்கால அரசரைப் பிரித்தவை நாடும் திறையும் முத்தும் துறைமுகமுமே. கலிங்கரும் சாவகரும் பாண்டியரும் சிங்களவரும் தமிழரும் அப்பூசல்களிற் பல முறை அணி மாறி நின்றனர். இன்றைய பகையை அன்றைய அரசர் தலையில் ஏற்றுவோர், எப்பக்கத்தினராயினும், அச்சான்றுகளைப் பயின்றவர் அல்லர்.

கல்லூரியின் இவ்விழா ஆண்டிலே இளம் மாணவர்க்கு நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த வெள்ளிக்கிழமை கோணேசரை வணங்கச் செல்லுங்கால், கோட்டை வாயிலிற் சிறிது நின்று அக்கயலை நோக்குக. அதனருகேயுள்ள எழுத்துகளை எழுத்துக் கூட்டிப் படிக்க முயல்க. மழையும் கடற்காற்றும் அவற்றை நாடோறும் தேய்த்து வருகின்றன. கல் தேய்ந்து போகுமுன் அதனைப் படிக்க வல்லார் ஒரு சிலரையேனும் இக்கல்லூரி உருவாக்குமாயின், நம் ஆசிரியப் பணி வீண் போகாது.