மறுபடியும் திரையேறும் படங்கள்

கடலூர் தென்னார்க்காடு ஜில்லாவின் தலைநகராக விளங்கிய காலத்தில், படவிநியோகஸ்தர்கள் வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மூன்று ஜில்லாக்களையும் ஒரே பிரதேசமாகக் கணக்கிட்டு, அதனை 'என்.எஸ்.சி. ஏரியா' என்று சுருக்கமாக வழங்கினார்கள். அந்தப் பிரதேசத்தில் ஒரு படம் பெரிய ஊர்களில் ஓடி ஓய்ந்த பின்பு, மழைத் தாரைபோல் கீறல் விழுந்த அதே பிரதி, தகரப் பெட்டிக்குள் அடைபட்டுப் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி, சிற்றூர்க் கொட்டகைகளுக்கு வந்து சேரும். பெட்டி வந்துவிட்டதா என்பதே அன்றைய ரஸிகர்களின் கேள்வி. புதுப் படத்துக்குரிய வாடகையைக் கொடுக்கச் சக்தியில்லாத கொட்டகைக்காரர்கள் பழைய படத்தை மலிவாக வாங்கிக் காலைக் காட்சியாகவோ திருவிழாக் காலத்து விசேஷமாகவோ ஓட்டினார்கள். அதன் பயனாக, 'பாசமலர்' வெளிவந்த 1961-இல் பிறந்தேயிராதவர்களும் அதை வெண்திரையில் பார்த்துக் கண்ணீர் விடும் பாக்கியத்தைப் பெற்றார்கள். கலைச் சேவை செய்கிறோம் என்ற எண்ணம் அந்தக் கொட்டகைக்காரர்களில் எவருக்கும் இருந்திருக்குமென்று நான் நினைக்கவில்லை.

இதே காரியத்தை மேல்நாட்டில் திட்டமிட்டுச் செய்தார்கள். பாரிஸ் நகரில் ஹென்றி லாங்லுவா என்பவர் தம் நண்பர்களோடு 1936-இல் 'சினிமாதெக்' என்னும் படக் களஞ்சியத்தைத் தோற்றுவித்து, சேகரித்த படங்களைப் பூட்டி வைக்காமல் திரையிட்டுக்கொண்டே வந்தார். அங்கே இரவு பகலாகப் படம் பார்த்த இளைஞர்களே பிற்காலத்தில் பிரெஞ்சு சினிமாவின் போக்கை மாற்றியவர்கள். லண்டனிலும் 1952-இல் தேசியத் திரையரங்கம் ஒன்று ஏற்பட்டது. நம் பழைய நாடகக் கம்பெனிகள் இன்று 'வள்ளி திருமணம்', நாளை 'பவளக்கொடி', மறுநாள் 'கோவலன்' என்று கைவசமுள்ள நாடகங்களை மாற்றி மாற்றி நடத்தியது போலவே, இத்தகைய அரங்குகளும் ஒரே படத்தை வாரக்கணக்கில் ஓட்டாமல், மாத நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அச்சிட்டு, தினம் ஒரு படம் காட்டும். அதிலே சார்லி சாப்ளின் ஒரு நாள் வருவார். வெளிவந்த காலத்தில் தோற்று, பின்னர் ஒரு சிறு கூட்டத்தின் தீராத பக்திக்குப் பாத்திரமான விசித்திரப் படம் ஒன்று நள்ளிரவில் வரும்.

நம் ஊர்க் காலைக் காட்சிகளுக்கு வினை வந்தது படச்சுருள் மறைந்தபோதுதான். வினாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும் 35 மில்லிமீட்டர் சுருளுக்குப் பதிலாக டிஜிட்டல் கோப்பு வந்ததும், பழைய புரொஜெக்டர்களை ஆபரேட்டர் அறையிலிருந்து இறக்கிவிட்டார்கள். டிஜிட்டலுக்கு மாற்றப்படாத படம், பெட்டியில் பத்திரமாக இருந்தாலும், காட்ட வழியில்லாததாகிவிட்டது. பத்திரமாக இருப்பதும் அபூர்வமே. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் சீதோஷ்ணத்தில் அசிடேட் சுருள் சிதைந்து காடி நாற்றம் வீசத் தொடங்கும், நெளிந்து சுருங்கும், அப்புறம் அதைக் காப்பாற்ற முடியாது.

இந்நிலையில் 2012-இல் 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்து, சென்னையில் நூறு நாட்களைத் தாண்டி ஓடியது வியாபாரிகளையே திகைக்க வைத்தது. இரண்டாண்டுக்குப் பின் 'ஆயிரத்தில் ஒருவன்' அதே வழியில் வந்து அதே வெற்றியைக் கண்டது. முன்னதில் சிவாஜி, பின்னதில் எம்.ஜி.ஆர். என்று பார்க்கிறவர்கள், இரண்டையும் இயக்கியவர் பி. ஆர். பந்துலு ஒருவரே என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். 2024-இல் 'கில்லி' மறுபடி வந்தபோது, வசனங்களையெல்லாம் நடிகர்களுக்கு முன்பே ரஸிகர்கள் சொல்லி முடித்தார்கள். 'குணா'வின் கதை வேறு. 1991-ஆம் வருஷத் தீபாவளியன்று 'தளபதி'யோடு போட்டியிட்டுப் பின்தங்கிய அந்தப் படத்தை, 33 வருஷங்களுக்குப் பிறகு 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் மீண்டும் ஊர்ப்பேச்சாக்கிற்று. ஆனால் மறுவெளியீட்டுக்கு நாள் குறித்தபோது, உரிமை யாருடையது என்ற வழக்கில் உயர்நீதிமன்றத் தடை குறுக்கிட்டது. பழைய படத்தைத் திரையிட விரும்புகிறவர் கடக்க வேண்டிய முதற் படி புரொஜெக்டர் அல்ல, இந்த உரிமைச் சிக்கலே.

இம்மறுவெளியீடுகளை நான் குறைகூறவில்லை. ஆயினும் இவை யாவும் நட்சத்திரங்களின் பிரகாசத்தில் மீண்டவை. அந்தப் பிரகாசமற்ற படத்தின் கதி என்ன என்பதற்குக் கடலூரே சாட்சி. மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன், தம் நாவலைத் தாமே இயக்கி 'உன்னைப்போல் ஒருவன்' என்ற படமாக்கினார். சேரி வாழ்க்கையை ஒப்பனையின்றிக் காட்டிய அப்படம், சத்யஜித் ராயின் 'சாருலதா' தங்கப் பதக்கம் பெற்ற அதே வருஷத்துத் தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் பெற்றது. கொட்டகைக்காரர்களோ அதனை வரவேற்கவில்லை. 'சாருலதா'வை இன்று புதுப்பித்த பிரதியில் துல்லியமாகப் பார்க்கலாம். 'உன்னைப்போல் ஒருவ'னைப் பார்க்க விரும்புகிறவருக்கு அது கிடைப்பதில்லை. எந்தப் படம் ஓயாமல் திரையிடப்படுகிறதோ அதற்குத்தான் பிரதி எடுக்கிறார்கள், அதைத்தான் செப்பனிடுகிறார்கள்.

சிதம்பரத்துக்கும் இத்தகைய நஷ்டம் உண்டு. தில்லையைத் தரிசிக்க ஏங்கிய நந்தனின் கதையில், லட்ச ரூபாய் ஊதியம் பெற்றுக் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் தரித்து நடித்த 1935-ஆம் வருஷத்து 'பக்த நந்தனார்' மறைந்து போயிற்று. 1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' நல்லவேளையாகத் தப்பியது. அதில் நந்தனாராகப் பாடி நடித்த தண்டபாணி தேசிகர் பின்னாளில் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே இசை போதித்தவர்.

ஆகவே வாரநாட்களில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் காலைக் காட்சியை, வாரத்துக்கு ஒன்றாவது, ஒரு திரைப்படச் சங்கத்திடம் ஒப்படைக்க இவ்விரு ஊர்களின் அரங்குகளில் ஏதேனும் ஒன்று இசையுமானால், சிதம்பரத்தில் தேசிகரின் 'நந்தனா'ரைக் கொண்டு தொடங்கலாம். கடலூரிலே, ஜெயகாந்தன் நாவலை ஏ. பீம்சிங் இயக்கி, லட்சுமிக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' இருக்கிறது. படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் பேசுவதற்கு நாவலைப் படித்தவர்களுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை.