ஆசிரியர் அறையிலிருந்து தொடங்கட்டும்

“எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திரிங்க. ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு.”

அரசுப் பள்ளியில் படித்த நம்மில் பலர் இந்த வார்த்தைகளைக் கேட்டிருப்போம். சொன்ன ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். பட்டியலைச் சீக்கிரம் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாம் எழுந்து நின்ற அந்த இரண்டு நிமிடத்தில் வகுப்பு முழுவதும் நம்மைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட நண்பன், மறுநாள் வேறு பக்கம் போய் உட்கார்ந்தான். உதவித்தொகை வந்தது, செலவானது. அந்தப் பார்வை மட்டும் மனதில் தங்கிவிட்டது.

பள்ளியில் நல்ல சூழல் வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். சுவருக்கு வண்ணம் அடிக்கிறோம், மரக்கன்று நடுகிறோம், ஸ்மார்ட் வகுப்பறை கேட்கிறோம். எல்லாமே தேவைதான். ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறார்கள், பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு பள்ளியின் சூழல் அமைகிறது. தலைமையாசிரியர், ஆசிரியர், அலுவலக உதவியாளர், சத்துணவு சமைப்பவர், துப்புரவுப் பணியாளர், மாணவர் ஆகிய எல்லோரும் சேர்ந்ததுதான் பள்ளி. இதில் ஒருவரைத் தள்ளி வைத்தாலும் மற்றவர்கள் நிம்மதியாக வேலை செய்ய முடியாது.

மணி அடித்த பிறகு உள்ளே போனவர்

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில், கோவையில் படித்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார். தன் சாதி மற்ற மாணவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் யாரோடும் சேராமல் இருந்திருக்கிறார். பள்ளிக்கு வெளியே தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போயிருக்கிறார்.

அம்பேத்கருக்குப் பள்ளியில் உட்கார வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணிதான். தாகம் எடுத்தால் அவரே குழாயைத் திறக்க முடியாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

கணக்கும் ஆங்கிலமும் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் நடத்தப்பட்டிருக்கும். ஆனால் பாடப் புத்தகத்துக்கு வெளியே, தண்ணீர்க் குழாயடியிலும் விளையாட்டு மைதானத்திலும் அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். இன்றைக்கும் நாம் கவனிக்க வேண்டிய இடங்கள் அவைதான்.

நாங்குநேரி சொன்னது

2023 ஆகஸ்ட் 9. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 12-ஆம் வகுப்பு படித்த நம் பிள்ளை ஒருவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். அவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். பள்ளியில் காரணம் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னார். அதற்குப் பழிவாங்கத்தான் இந்தத் தாக்குதல். அந்தப் பிள்ளை பிழைத்து எழுந்து, 2024-இல் பிளஸ் 2 தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அந்த மன உறுதிக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் படிப்பதற்கு இவ்வளவு விலையை எந்தப் பிள்ளையும் கொடுக்கக் கூடாது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. 2024 ஜூன் 18-இல் அவர் 610 பக்க அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயரை நீக்க வேண்டும், கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், ஆசிரியர்கள் மாணவரின் சாதியை நேராகவோ ஜாடையாகவோ சொல்லக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உள்ளன. ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரையே அங்கு தலைமைப் பொறுப்பில் வைக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று.

கயிற்றைப் பற்றி ஊரெல்லாம் விவாதம் நடந்தது. ஆசிரியரைப் பற்றி அறிக்கை சொன்னதை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. பிள்ளையின் கையில் இருக்கும் கயிற்றை அறுத்துவிடலாம். ஆனால் பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதம் மாறாவிட்டால், கயிறு போன இடத்தில் பனியன் நிறம் வரும், பொட்டு வரும், வாட்ஸ்அப் படம் வரும்.

டம்ளர் எத்தனை?

ஆசிரியர் அறைக்குள் போய்ப் பார்ப்போம். நம் தெருவிலிருந்து படித்து ஆசிரியராகப் போனவர்கள் வீட்டுக்கு வந்து சொல்வதைக் கேட்டிருக்கிறோம். முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் டீ வாங்கி வரும்போது ஒரு டம்ளர் தனியாக இருக்கும். மதியச் சாப்பாட்டில் குழம்பு கைமாறும், இவர் டப்பாவை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். பதவி உயர்வு வந்தால், “அவங்களுக்கு எல்லாம் ஈஸியாக் கிடைச்சுடுது” என்று முணுமுணுப்பார்கள். நம்மவர் தலைமையாசிரியராக இருந்தால் கையெழுத்துக்குக் கோப்பு வரும், டீக்கு அழைப்பு வராது.

பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்கிறார்கள். டஸ்டர் எடுக்கப் போன மாணவன், வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய் வைத்த மாணவி, இவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஐம்பது வயது துப்புரவுப் பணியாளரை, இருபத்தைந்து வயது ஆசிரியர் “ஏய், இங்க வா” என்று கூப்பிட்டால், அடுத்த வாரம் ஆறாம் வகுப்புப் பையனும் அப்படித்தான் கூப்பிடுவான். “வாங்கம்மா, இந்த ரூம் கொஞ்சம் பாருங்க” என்று சொன்னால் அவனும் அதையே சொல்வான். அறநெறி வகுப்பில் பத்து நாள் சொல்லிக் கொடுப்பதைவிட இது வேகமாகப் பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.

பிள்ளைகளை ஊர்ப் பெயர் சொல்லி அழைப்பது இன்னொன்று. சாதி சொல்லக் கூடாது என்று தெரிந்தவர்கள், “அந்தக் காலனிப் பசங்க” என்கிறார்கள். ‘காலனி’ என்ற சொல் வசைச்சொல்லாகிவிட்டதால்தான், அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து போனால் போதாது, வகுப்பறைப் பேச்சிலிருந்தும் போக வேண்டும்.

அடுப்படியும் துடைப்பமும்

2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் முதலில் அந்தப் பெண்ணைத்தான் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். போராட்டம் எழுந்த பிறகு மாறுதல் ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023-இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது, தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூரிலும் இதே சிக்கல் கிளம்பியது. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆட்சியரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிட்டார்கள்.

அமைச்சர் ஒரு நாள்தான் வருவார். ஆசிரியர் தினமும் அங்கேயே இருக்கிறார். பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் சத்துணவைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. அதை அறைக்குள் ஒரு கரண்டி ருசி பார்த்து முடித்துவிடாமல், பிள்ளைகளின் வரிசையில் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். யார் சமைத்தது என்ற கேள்வியே அந்தப் பள்ளியில் எழாது.

துடைப்பம் அடுத்த பிரச்சினை. 2022 கடைசியில் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை சுத்தம் செய்ய வைத்ததாக ஒரு தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். இதற்குப் பின்னால் வேறு ஒரு குறையும் இருக்கிறது. பல கிராமப் பள்ளிகளில் துப்புரவுக்கு முழுநேர ஆள் இல்லை. இருப்பவருக்குத் தரும் தொகை மிகச் சொற்பம், அதுவும் மாதா மாதம் வருவதில்லை. ஆள் வராத நாளில் தலைமையாசிரியர் என்ன செய்வார்? அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு நம் பிள்ளையின் கை பதில் ஆகாது. ஊராட்சியையும் அரசையும் கேட்டு ஆள் போட வைக்க வேண்டும். வகுப்பறையைக் கூட்டுவது போன்ற வேலையை எல்லாப் பிள்ளைகளும் வரிசை எண்படி முறைவைத்துச் செய்யட்டும். ஆசிரியரும் ஒரு நாள் துடைப்பத்தைக் கையில் எடுக்கட்டும்.

நம்மால் முடிவது

இவற்றில் பலவற்றுக்குப் பணம் தேவையில்லை. மாணவரின் சாதி விவரம் கல்வித்துறையின் எமிஸ் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. உதவித்தொகைப் பட்டியல் எடுக்க வகுப்பில் யாரையும் எழுப்பத் தேவையே இல்லை. தவறிய விவரம் இருந்தால் பிள்ளையைத் தனியாக அழைத்துக் கேட்கலாம்.

ஒரு பிள்ளை ஆசிரியரிடம் வந்து தன் கஷ்டத்தைச் சொன்னால், சொன்னது யார் என்பது வெளியே போகக் கூடாது. நாங்குநேரியில் நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இது. விசாரணை தொடங்கும் முன்பே அந்தப் பிள்ளையின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெற்றோருக்கும் பங்கு உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் தர வேண்டும். நம் அம்மாக்கள் பலர் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடப்படுகிறார்கள். வேலைக்குப் போகும் நாளாக இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். துப்புரவுப் பணியாளர் இருக்கிறாரா, சத்துணவை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்களா, இந்த இரண்டு கேள்வியையாவது கேட்போம்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களை அவமானப்படுத்தினால் தவறு உங்களுடையது இல்லை. பிள்ளைகளை அடிப்பதையும் மனதைத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. நாலு பேர் அறிய சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ வீட்டிலோ சொல்லுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, வன்கொடுமைப் புகாருக்கான 14566 ஆகிய எண்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நல்ல ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நம்மில் படித்து மேலே வந்த ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவர் பெயர் நினைவில் இருக்கும். தோளில் கை போட்டு, “நீ நல்லா வருவடா” என்று சொன்னவர். நாம் கேட்பது அந்த ஆசிரியர் பள்ளியில் தனி ஆளாக நிற்கக் கூடாது என்பதுதான். அவர் செய்வது அந்தப் பள்ளியின் வழக்கமாக மாற வேண்டும்.

அடுத்த ஜூன் மாதமும் ஸ்காலர்ஷிப் ஃபாரம் வரும். அன்று எந்த வகுப்பிலும் எந்தப் பிள்ளையும் சாதி சொல்லி எழுப்பப்படாமல் இருக்கட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் நம் பிள்ளைகள் எழுந்து நிற்கட்டும்.