வெளுக்கும் பவளம்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டென்பது பழைய கணக்கு. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறையை நம்மவர் முருகைக்கல் என்றனர். சுண்ணாம்புக்காக வெட்டியும் எடுத்தனர். ஆனால் அது எண்ணற்ற சிற்றுயிர்கள் கட்டிய வீடு. ஒவ்வோர் உயிரின் உடலுக்குள்ளும் நுண்பாசி குடியிருக்கிறது. பாசி கதிரொளியில் உணவு சமைத்துப் பெரும்பங்கை வாடகையாகத் தந்துவிடும்! பவளத்திற்கு நிறம் தருவதும் பெரும்பாலும் அதுவே.

கடல்நீர் வழக்கத்தினும் ஒன்றிரண்டு பாகை சூடேறிச் சில வாரங்கள் நீடித்தால் இவ்வுறவு முறிகிறது. பாசி வெளியேறுகிறது, வெண்கூடு தெரிகிறது. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும், இன்றேல் மடியும். இங்கே 2010இல் வெளுத்தது. 2016இல் மீண்டும் வெளுத்து, பெருமளவு மடிந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து உலகம் சூடேற ஏற, பவளம் தேறுவதற்குக் கிடைக்கும் காலம் குறுகுகிறது.

பாறையிடுக்குகளில்தான் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. அங்கே மீன் அருகினால், விசைப்படகில் ஆழ்கடல் செல்வோர் ஒருவாறு சமாளிப்பர். வள்ளத்தில் கரையோரம் வலை வீசுவோர் எங்கே போவர்? அலையின் வேகத்தைத் தணிப்பதும் அப்பாறையே. அதனை வெட்டியெடுத்த பின்னர்ப் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீருள் மூழ்கின.