நாய்களுக்கு ஒரு வீடு!

லண்டன் நகரத் தெருவில் ஒரு நாய் பசியால் சாகக் கிடந்தது. மேரி டீல்பி என்ற அம்மையார் அதைக் காப்பாற்றப் பாடுபட்டார். பலன் இல்லை. நாய் இறந்தது.

அம்மையார் சும்மா இருக்கவில்லை. 1860-ம் ஆண்டு, ஹாலோவே பகுதியில் ஒரு குதிரை லாயத்தில், அனாதை நாய்களுக்குப் புகலிடம் அமைத்தார்.

ஊரே சிரித்தது. மனிதர்கள் பட்டினி கிடக்க, நாய்க்கு வீடா என்று பத்திரிகைகளும் கேலி செய்தன.

மகிழ்ச்சி

காணாமல் போன நாயைத் தேடி எஜமானர் வருவார். அவரைக் கண்டதும் நாய் துள்ளிக் குதிக்கும். அந்தக் காட்சிக்காக எவ்வளவு பாடும் படலாம்!

கண்ணீர்

ஆனால், எல்லா நாய்க்கும் எஜமானர் வருவதில்லை. வந்து சேரும் நாய்களோ ஏராளம். இடமும் போதாது, பணமும் போதாது. யாரும் கேட்டு வராத நாய்கள் பலவற்றைக் கொல்ல நேர்ந்தது. காப்பாற்ற வந்தவர்களுக்கு இதைவிட வேதனை உண்டா?

1865-ல் அம்மையார் காலமானார். 1871-ல் புகலிடம் பாட்டர்சி பகுதிக்கு மாறியது. 1885-ல் விக்டோரியா மகாராணியே அதன் புரவலர் ஆனார்! அதைப் பார்க்க அம்மையார் இல்லை.

அவர் தொடங்கிய புகலிடம் இன்றும் நடக்கிறது. நாய்கள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன.